நிலவு என்னைத் தோற்கடித்த நாள்

1969 ஜூலை மாதம். நான் தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் பள்ளியின் கடைசி வகுப்பான பதினொன்று படித்துக்கொண்டிருந்தேன். அப்பா குற்றாலத்தில் சின்னதாக ஒரு ஹோட்டல் வைத்திருந்தார். வீடு அதன் பின்கட்டிலேயே.

மனிதர்களை ஏற்றிக்கொண்டு ராக்கெட் நிலவுக்குக் கிளம்பிவிட்டது என்று செய்தி வந்த சூட்டோடு, 'நிலவில் மனிதன் காலடி வைக்க முடியுமா?' என்று எங்கள் பள்ளியில் பேச்சுப் போட்டி வைத்துவிட்டார்கள். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு 'முடியாது' கட்சி. துளியும் வருத்தமில்லை. மனிதனால் அங்கே போகவே முடியாது என்று சொன்ன எங்கள் பழைய விஞ்ஞானப் புத்தகமே என் பக்கம்தானே!

அதைவிடப் பெரிய விஷயம், அப்பா கொடுத்த வாக்கு. பதினொன்றோடு படிப்பு போதும் என்று பிடிவாதமாக இருந்தவர், என் நச்சரிப்பு தாங்காமல், "பிரைஸ் வாங்கிட்டு வா, திருநெல்வேலி காலேஜுக்கு அனுப்புதேன்" என்று சொல்லியிருந்தார். சோறு தண்ணீர் மறந்து மனப்பாடம் செய்தேன்.

போட்டி திங்கட்கிழமை மதியம். அன்று காலை நல்ல சாரல். அருவிக்குக் கிளம்பிய சீசன் கூட்டம், உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, இடுப்பில் துண்டோடு எங்கள் ஹோட்டல் ரேடியோவைச் சுற்றி நின்றது. குளிக்கிற நினைப்பே யாருக்கும் இல்லை. இறங்கிவிட்டார்கள், நடக்கவும் செய்துவிட்டார்கள் என்று கேட்டதும் ஒரே கூச்சல்! முன்பின் தெரியாதவர்கள் எண்ணெயும் பிசுக்குமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நானும் குதி குதியென்று குதித்தேன்.

அப்பா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏட்டி, முடியவே முடியாதுன்னு உருப்போட்டியே, அவன் நடந்துட்டாம்லா!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் காலேஜ் போச்சு!

பள்ளிக்கு ஓடி டீச்சரிடம் கெஞ்சினேன். "மத்தியானம் எல்லாரும் வந்துருவாங்க, இனி எங்க போய் தலைப்ப மாத்த? சமாளிட்டி" என்று சிரித்தார். எதிர்க்கட்சித் தோழிக்கோ வேறு கஷ்டம். நிரூபிக்க எதுவுமே மிச்சமில்லை. அவள் மேடையேறி, "போயாச்சு!" என்று ஒரு சத்தம் போட்டாள். அதற்கே கூரை அதிரக் கைதட்டல்.

அடுத்து நான். கடைசி வரிசையில், ஹோட்டலை விட்டுவிட்டு வந்திருந்த அப்பா. மனப்பாடம் செய்ததில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டேன்.

"நேற்று ராத்திரி வரைக்கும் நான் படித்ததெல்லாம் சரி. விடிந்து பார்த்தால் அத்தனையும் தப்பு. நான் தோற்றுவிட்டேன். ஆனால் இவ்வளவு சந்தோஷமாக நான் தோற்றதே இல்லை! ஒரே ராத்திரியில் பாடம் மாறிப்போகிற காலத்தில், பதினொன்றோடு புத்தகத்தை மூடச் சொன்னால் நாங்கள் என்ன ஆவது?"

அப்பாவைப் பார்த்துத்தான் கேட்டேன். அவர் குனிந்துகொண்டார்.

பிரைஸ் தோழிக்குப் போனது. குற்றாலம் பஸ்ஸில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன்.

"ஜெயிக்கலையேப்பா" என்றேன்.

"ஆமா, தோத்துட்ட" என்றார். ஜன்னல் வழியே வானத்தை ஒரு பார்வை பார்த்தார். "அவன் அங்கன போய் நடக்கான். நீ இந்தா பக்கத்துல இருக்க திருநெல்வேலிக்குப் போவக் கூடாதுன்னு நான் எந்த மூஞ்சிய வச்சுட்டு சொல்ல?"

இத்தனை வருடத்தில் நான் படித்தது எத்தனையோ முறை பழசாகிப் போயிருக்கிறது. அப்போதெல்லாம் பயத்தை முந்திக்கொண்டு வருவது, அன்று காலை அந்த ரேடியோவுக்கு முன்னால் குதித்த சந்தோஷம்தான்.