துரைக்கு ஒருசந்தி

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு ஒரு நோயாளியைப் பார்க்கப் போனேன். நோயாளி ஒரு மீன்.

சிரிக்காதீர்கள். செலின் அக்கா போனில் அழுதேவிட்டாள். "லில்லி, துரை நாலு நாளா ஒண்ணும் சாப்பிடலடி. அதைப் பாத்துப் பாத்து உங்க மாமாவும் சரியா சாப்பிட மாட்டேங்குறாரு. ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

துரை என்பது அக்கா வீட்டு அரோவானா. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன் — வெள்ளி நிறம், முழங்கையைத் தாண்டிய நீளம், முகவாயில் இரண்டு மீசை. தண்ணீரின் மேல்மட்டத்திலேயே, யாரையும் சட்டை பண்ணாமல் உலா வரும். கூட விட்ட மீன்களையெல்லாம் விழுங்கிவிட்டபடியால் இப்போது தனிக்குடித்தனம். ஹாலில் சோபா இருந்த இடத்தில் ஆறடித் தொட்டி. சோபா? அது வராண்டாவுக்குப் போய்விட்டது. விருந்தாளிகளும் அங்கேதான்.

அக்காவின் கணவர் ஆரோக்கியராஜ் மாமா, கெமிஸ்ட்ரி வாத்தியார். பேச வேண்டியதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் பேசித் தீர்த்துவிட்டு வருவார். வீட்டில் அவர் முழு வாக்கியமாகப் பேசுவது துரையிடம் மட்டும்தான் என்பது அக்காவின் நெடுநாள் குற்றச்சாட்டு. விரல் நீளத்தில் வாங்கி வந்து வளர்த்த மீன். வீட்டில் எல்லோரும் போர்வெல் தண்ணீரில் குளித்து முடி கொட்டிக்கொண்டிருக்க, துரைக்கு மட்டும் காவேரி! அதுவும் குளோரின் போக டிரம்மில் பிடித்துவைத்த காவேரி…

வைட்ஃபீல்டிலிருந்து மெட்ரோ பிடித்து, ஆட்டோ பிடித்து, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தேன். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகலாமா? ஆப்பிள் துரைக்கு ஆகாது. அதனால் வழியில் இறங்கிக் கால் கிலோ இறால் வாங்கிக்கொண்டேன்.

பார்த்ததும் எனக்கே பகீரென்றது. மேலே உலாவ வேண்டிய மீன் அடித்தரையில் ஒரு மூலையில் கிடந்தது. செவுள் மட்டும் வேகவேகமாக அடித்துக்கொண்டிருந்தது. மாமா முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, ஐ.சி.யூ. வாசலில் உட்காருகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். என் கையிலிருந்த பையைப் பார்த்தார்.

"இறாலா? ஒண்ணு உரிச்சுப் போட்டுப் பாரேன் லில்லி. புது ஆள் கொடுத்தா வாங்கிக்குமோ என்னவோ."

போட்டேன். வாங்கவில்லை. இறால் மெல்ல இறங்கி, தொட்டிக்குள் கிடந்த மரக்கட்டைக்குப் பின்னால் போய் மறைந்தது. சரி, பிறகு சாப்பிடும் என்று விட்டுவிட்டோம்.

அப்போது மாடி வீட்டு மஞ்சுநாத் வந்தார். ஐ.டி. கம்பெனிக்காரர். சுத்த சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார். ஆனால் அரோவானா முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் என்று நம்புகிறவர். கையில் மீன் தீவன டப்பா.

"சார், இன்னும் ஊட்டா மாடில்வா?"

இன்னும் சாப்பிடவில்லை என்று மாமா தலையை ஆட்டினார்.

"அய்யோ பாப… போன வாரம்கூட பெளிகே, காலைல, நான் போட்டதை ஒரே வாயில முழுங்கிடுச்சே சார்!"

மாமா மெதுவாகத் திரும்பினார். "நீங்க போட்டீங்களா?"

"தினா போடுவேன் சார். நீங்க ஸ்கூலுக்குப் போனதுக்கப்புறம் வந்து மொகம் பாப்பேன். சும்மா பாத்துட்டுப் போனா நல்லா இருக்காது இல்ல?"

மாமா வகுத்த சட்டம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். வளர்ந்த அரோவானாவுக்கு வாரத்தில் மூன்று முறைதான் தீனி. அதையும் அவர்தான் போடுவார். மற்றவர்கள் தொட்டி மூடியைத் தொடவே கூடாது.

அடுக்களைக் கதவருகே நின்றிருந்த அக்கா முந்தானையைத் திருகத் தொடங்கினாள். அக்கா முந்தானையைத் திருகினால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

"நான்… மத்தியானம் ரெண்டு இறால்தாங்க போட்டேன்."

"எப்ப?"

"டெய்லி."

காரணம் கேட்டால் நீங்களும் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். இது தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் அக்கா வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. வெள்ளிக்கிழமை தோறும் ஒருசந்தி — அதாவது ஒரே வேளைச் சாப்பாடு. ஃப்ரீசரில் இறால் இருக்கிறது. கை துறுதுறுக்கிறது. ஆக்கித் தின்ன முடியாது. உரித்துத் துரைக்காவது போடலாமே?

"நாமதான் நோன்பு. வாயில்லா ஜீவன் என்ன பாவம் பண்ணுச்சு? நான் அந்தப் பக்கம் போனாலே மேல வந்து வாயத் திறக்குது. பாத்துட்டு எப்படிங்க சும்மா போறது?"

வாயில்லா ஜீவனாம். அந்த வாயில் ஒரு எலுமிச்சம்பழம் உருளும்!

"வேட்டையாடுற மீன் செலின் அது. எப்பக் கெடைக்கும்னு தெரியாததால எப்பவும்தான் வாயத் திறக்கும். அதுக்குப் பசின்னு அர்த்தமா?" என்றார் மாமா.

"அப்ப நீங்க மட்டும் ஏன் ஸ்கூல்ல இருந்து வந்ததும் வராததுமா டெய்லி போடுறீங்க? நான் பாக்கலன்னு நெனச்சீங்களா?"

ஃபில்டர் மட்டும் கொடகொடவென்று பேசிக்கொண்டிருந்தது.

மாமா எழுந்து போய் அலமாரியிலிருந்து தண்ணீர் டெஸ்ட் பண்ணும் பெட்டியை எடுத்துவந்தார். மேலே தூசி. "இதை டெஸ்ட் பண்ணலையா மாமா?" என்றேன். "காவேரித் தண்ணி… கண்ணாடி மாதிரி இருந்துச்சேன்னு விட்டுட்டேன்" என்றார் தரையைப் பார்த்து. சின்னக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சொட்டு மருந்து விட்டார். மஞ்சளாக இருந்தால் நல்ல தண்ணீர். பச்சை ஏற ஏற அமோனியா, மீனுக்கு விஷம்.

வாழையிலைப் பச்சை!

தின்றது, கழித்தது, தின்னாமல் விட்டது — எல்லாம் சேர்ந்து அழுகினால் அமோனியா. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிவிட ஃபில்டருக்குள் நுண்ணுயிர்கள் உண்டு. ஆனால் மூன்று பேர் மறைத்து மறைத்து நடத்தும் விருந்துக்கு அவைதான் என்ன செய்யும்? மாமா மரக்கட்டையைத் தூக்கினார். பின்னால் ஊறிப்போன இறால்களும் தீவன உருண்டைகளுமாக ஒரு குவியல். மேலே ஃபிரெஷ்ஷாக ஒன்று. அது என் உபயம்.

"பத்தாங்கிளாஸ் பசங்களுக்கு அமோனியா பாடம் எடுக்குறேன் லில்லி" என்றார் மாமா. "என் வீட்டு ஹால்லயே வச்சிருக்கேன்."

கேலி செய்ய நாக்கு நுனிவரை வந்தது. அவர் கண்ணைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

அக்கா உடனே தொட்டியை மொத்தமாகக் காலி பண்ணிச் சோப்புப் போட்டுத் தேய்க்கக் கிளம்பினாள். மாமா ஓடிப்போய்க் குறுக்கே நின்றார். மொத்தமாக மாற்றினால் இருக்கிற நல்ல நுண்ணுயிரும் போய், மீனும் அதிர்ச்சியில் போய்விடுமாம். தினம் கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்து, டிரம்மில் வைத்த தண்ணீரைக் கொஞ்சம் ஊற்ற வேண்டும். அதைவிட முக்கியம், தீனியே கூடாது.

"பட்டினி போட்டா செத்துடாதாங்க?"

"அது ரெண்டு வாரம்கூடத் தாங்கும். நாமதான் தாங்க மாட்டோம்."

ஆக, அந்த வீட்டில் உண்மையாகவே நோன்பு இருக்க வேண்டியவர் துரைதான். அவரைத் தவிர மற்ற எல்லோரும் இருந்திருக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். நமக்கு ஒருவர் மேல் பிரியம் வந்தால் உடனே என்ன செய்கிறோம்? எதையாவது ஊட்டுகிறோம். அவர் உடம்பு சரியில்லை என்றால்? இன்னும் கொஞ்சம் ஊட்டுகிறோம். வேண்டாம் என்றால்? நம்மைப் பிடிக்கவில்லை என்று கோபித்துக்கொள்கிறோம். கொடுக்கிறபோது நமக்கு வருகிற சந்தோஷம்தான் கண்ணுக்குத் தெரிகிறது. கொடுத்தது உள்ளே போய் என்ன ஆகிறது என்று எந்த வீட்டில் டெஸ்ட் பண்ணுகிறார்கள்?

அந்த வாரம் முழுக்க மாமா காலையும் மாலையும் குழாய் வைத்துத் தண்ணீரை உறிஞ்சினார். மஞ்சுநாத் ஆபீஸ் போகும்போது வாசலில் நின்றபடியே கும்பிட்டுவிட்டுப் போனாராம். அக்கா ஃப்ரீசர் இறாலையெல்லாம் எதிர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். ஒரே ஒரு பொட்டலம் மட்டும் பாக்கி.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து நேரே அங்கே போனேன். துரை மேலே வந்திருந்தார்! பழைய அலட்சியத்தோடு ஒரு சுற்று வந்து, எங்களைப் பார்த்தும் பார்க்காததுபோலத் திரும்பினார். சோதனைக் குழாயில் நல்ல மஞ்சள். மாமா ஒரே ஒரு இறாலை நீட்டினார். 'டப்'பென்று ஒரு சத்தம்… இறாலைக் காணோம். தண்ணீர் மாமாவின் கண்ணாடியில் தெறித்தது. துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

துரை மறுபடி மேலே வந்து வாயைத் திறந்தார். மாமாவின் கை தானாகவே தட்டுக்குப் போனது. அக்கா சட்டென்று தட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"போதும்!"

இத்தனை வருஷமாக அவள் கையால் சாப்பிடுகிறேன். அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து அன்றைக்குத்தான் கேட்டேன். சொல்லிவிட்டு நேரே சாப்பாட்டு மேஜைக்கு வந்தவள், நான் கையை வைத்து மறைக்க மறைக்க, என் இலையில் இன்னொரு கரண்டி சாதத்தைத் தள்ளினாள்.