இடைவேளை வரைக்கும் ஒரு விமர்சகர்

என் வீட்டுக்காரருக்குத் தொழில் மூக்குக்கண்ணாடி செய்து கொடுப்பது. பொழுதுபோக்கு, படம் பார்ப்பது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படத்தைத் திட்டுவதுதான் அவர் பொழுதுபோக்கு. திட்டுவதற்கு முதலில் பார்த்துத் தொலைய வேண்டியிருக்கிறதே என்றுதான் தியேட்டருக்குப் போவார்.

கடைக்கு வருகிறவர்கள் பாவம். பவர் மாற்ற வேண்டும் என்று பழைய கண்ணாடியைக் கழற்றி இவர் கையில் கொடுப்பார்கள். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார்கள். இவர் அதைத் துடைத்துக்கொண்டே புதிதாக வந்திருக்கும் படத்தை ஆரம்பிப்பார். கண்ணாடி இல்லாத மனுஷனுக்கு வாசல் எது, சுவர் எது என்றே தெரியாது. எழுந்து எங்கே ஓடுவது?

“ஹீரோவை எப்படிக் காட்றான் தெரியுமா சார்? முதல்ல ஷூ. அப்புறம் வாட்ச். அப்புறம் முதுகு. மூஞ்சி வர்றதுக்குள்ள எனக்குப் பசியே எடுத்துருச்சு. வந்தப்புறம்தான் தெரியுது, ஷூவோடயே நிறுத்தியிருக்கலாம்.”

கண்ணாடி பளபளவென்று ஆகியிருக்கும். இவர் விடமாட்டார். “அடிக்க வர்றான் சார் அத்தனை பேர். ஒருத்தன் அடி வாங்கி முடிக்கிற வரைக்கும் மத்தவனெல்லாம் பொறுமையா நிக்கிறான். ரேஷன் கடையிலகூட ஜனங்க அப்படி ஒழுங்கா நிக்க மாட்டாங்க!”

சும்மா சொல்லக்கூடாது, வாய் சாமர்த்தியம் உண்டு. சில பேர் டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் கடைக்கு வந்து இவரைக் கேட்டுவிட்டுப் போவார்கள். அதில் இவருக்குத் தலைகால் புரியாது. ஊரில் ஒருத்தருக்கும் தெரியாத ஒரு சங்கதி மட்டும் எனக்குத் தெரியும். இந்தப் பெரிய மனுஷர் எந்தப் படத்தையும் இடைவேளைக்கு மேல் பார்த்தது கிடையாது.

விளக்கு எரிந்ததும் எழுந்து வெளியே வந்துவிடுவார். அடுத்த தெரு டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். படம் விடுகிற நேரம் பார்த்து, முழுப்படமும் பார்த்துக் களைத்தவர் மாதிரி வீட்டுக்கு வருவார். கேட்டால் நியாயம் வேறு பேசுவார்.

“முதல் பாதியை ஒழுங்கா எடுக்காதவன் ரெண்டாம் பாதியில திருந்திடப் போறானா?”

“முதல் பாதி நல்லா இருந்தா?”

“அதைக் கெடுக்கத்தானே ரெண்டாம் பாதி? நல்ல நினைப்போட வெளியே வந்துடணும்.”

இந்த வாயோடு யார் மல்லுக்கட்டுவது? கல்யாணமான புதிதில் என்னையும் கையோடு இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். கொலை செய்தது யார் என்று தெரியாமலே நான் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அப்புறம் நான் என் தங்கையோடு போக ஆரம்பித்தேன்.

எங்களுக்கு ஒரே பெண். அவளுக்கு ஃபோனில் மன்னிப்புக் கேட்கிற உத்தியோகம். யார் வீட்டு வாஷிங் மெஷின் நின்றாலும் இவள் வருத்தப்பட வேண்டும். அந்த வேலையில் இருந்துகொண்டே, அப்பாவுக்குத் தெரியாமல் டப்பிங் ஸ்டுடியோவுக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். அதிர்ஷ்டம் அடித்தது. நம் பாஷை ஒரு எழுத்துத் தெரியாத ஒரு கதாநாயகிக்கு, பெரிய ஹீரோ படத்தில், இவள் குரல். ஸ்டுடியோக்காரர்கள், வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக வந்துவிடு என்று கூப்பிட்டார்கள்.

“அப்பா படத்தைப் பார்க்கட்டும்மா. குரல் நல்லா இருக்குன்னு அவர் வாயால வந்தா வேலையை விட்டுடறேன். நான்தான்னு முன்னாடியே சொல்லிடாதே” என்றாள்.

“ஏன்டி, நான் சொன்னா ஆகாதா?”

“நீ சோப்பு விளம்பரத்துக்கே அழுவே. அப்பா ஒருத்தர்தான் எனக்குப் பொய் சொல்ல மாட்டார்.”

உன் அப்பா பாதிப் படம்தான் பார்ப்பார் என்று சொல்ல எத்தனை தடவை வாயெடுத்தேன்! அவர் வாக்கே வேதவாக்கு என்று இருக்கிற பெண்ணிடம் எப்படிச் சொல்வது? சரி, இவரைச் சரிக்கட்டலாம் என்று பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு இவர் சட்டை மாட்டும்போது, “இதையாவது கடைசிவரைக்கும் பார்த்துட்டு வாங்களேன்” என்றேன்.

“ஏன், கடைசியில சாப்பாடு போடறாங்களா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். என்ன ஜன்மமோ!

சாயங்காலம் வந்தார். பெண் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தாள். நான் துணி மடிக்கிற சாக்கில் நின்றேன். அவர் விசிறியைப் போட்டுக்கொண்டு கச்சேரியைத் தொடங்கினார். ஹீரோ வயது பற்றி ஒரு வரி, அவர் தலைமுடி பற்றி நாலு வரி. வில்லன் ஏன் எப்போதும் கோட்டு போட்டுக்கொண்டு குடோனிலேயே குடியிருக்கிறான், வீடு வாசல் கிடையாதா என்று ஒரு கேள்வி.

“ஹீரோயின் எப்படிப்பா?” என்றாள் பெண்.

“அந்தப் பேச்சு வராத பொண்ணா? அவ ஒருத்திதான் உருப்படி. படம் முழுக்க வாயே திறக்கல பாரு, அதனால தப்பிச்சா. இந்தப் படத்து வசனத்தைப் பேசாம இருக்கக் கொடுத்து வச்சிருக்கணும்!” என்று சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

நான் மடித்த துணியை மறுபடி மடித்தேன். ஏனென்றால் நானும் தங்கையும் அந்தப் படத்தைப் பார்த்தாகிவிட்டது. ஏதோ அதிர்ச்சியில் அந்தக் கதாநாயகிக்குப் பேச்சு நின்றுவிடுகிறது. இடைவேளைக்கு முந்தின சண்டையில் ஹீரோ விடுகிற அடியின் சத்தத்தில் அது திரும்பி வருகிறது. மருத்துவம் அப்படி! அவள் திடுக்கிட்டு நிமிர்கிறாள், இடைவேளை என்று போடுகிறான். அதற்கப்புறம் படம் முடிகிறவரை அவள் பேசித் தள்ளுகிறாள்.

பெண் சோபாவிலிருந்து எழுந்தாள்.

“ரெண்டாம் பாதி முழுக்க அவ பேசறாப்பா” என்றாள். “அந்தக் குரல் என்னோடது.”

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

“நீங்க எந்தப் படத்தையுமே முழுசா பார்க்கறதில்லையாப்பா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டாள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. ஸ்டுடியோ விஷயம், வேலையை விடுகிற விஷயம், எல்லாவற்றையும் நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. “ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டு விடறீங்களே, வீட்டுல நடக்கறது தெரியலையா?” என்று நன்றாகக் கேட்டும் விட்டேன்.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு மறுபடி போனார். நிஜமாகவே படம் விட்டு வந்தார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அப்படி ஒரு சோர்வு. செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசற்படியில் நின்றபடியே பேச ஆரம்பித்தார்.

“குரல் நல்லா இருக்கும்மா. ரொம்ப நல்லா இருக்கு” என்றார். “படமும் நல்லாத்தான் இருக்கு. நான் நேத்து அவசரப்பட்டுட்டேன். ரெண்டாம் பாதியில விறுவிறுன்னு போகுது. சண்டையெல்லாம் நல்லா எடுத்திருக்கான். அந்த ஹீரோகூடப் பரவாயில்லை, நல்லா நடிக்கிறார்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மனுஷன் வாயில் ஒரு ஹீரோ நன்றாக நடித்து நான் கேட்டதே இல்லை.

பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“என் குரல் அவ்வளவு மோசமாவா இருந்துச்சுப்பா?” என்றாள்.

எத்தனையோ டைரக்டர்களைக் கிழித்துத் தோரணம் கட்டிய வாய் அது. காப்பாற்று என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய, அழுகைதான் வந்தது. கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஆமாம்மா” என்றார்.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “சரி, வேலையை விடலை. எங்கெங்கே மோசம்னு சொல்லுங்க. கடையில சொல்ற மாதிரியே சொல்லுங்க.”

அவர் தொண்டையைச் செருமினார். “அண்ணன் செத்துட்டான்னு அவகிட்ட வந்து சொல்றாங்கல்ல, அந்த சீன். சேதி இன்னும் அவ காதுல விழல. அதுக்குள்ள நீ அழ ஆரம்பிச்சுட்டே.” உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்புறம்?” என்றாள்.