மாப்பிள்ளைக் காரும் செத்தல் மிளகாயும்

என் காருக்கு நாவூறு பட்டுவிட்டது என்று நான் முழுமனதாக நம்பினேன். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், மிச்சத்தைச் சொல்லவேண்டும்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, மொன்றியலில் ஓர் ஆவணி மாதம். விடிந்தால் என் மனைவியின் தம்பிக்குக் கலியாணம். வாடகைக்குப் பெரிய கார் எடுப்போம் என்றவர்களை, "நான் இருக்கிறன், பிறகேன் வாடகைக் கார்?" என்று மடக்கி, மாப்பிள்ளைக் கார் என்ற பட்டத்தை என் பழைய காருக்கு நானே சூட்டியிருந்தேன். இரண்டு நாளாகத் தேய்த்துத் தேய்த்து மினுக்கி வைத்திருந்தேன். வேலையிடத்தில் ஒருவர், "அண்ணை, புதுக் கார் மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். அங்கேதான், கண் பட்டுவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம்.

அன்று பின்னேரம், கார்ட்டியர்வில்லில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கார் தரிப்பிடத்துக்குள் திரும்பும்போது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. அது எரிந்தால் எஞ்சினுக்குள் ஒயில் ஏறவில்லை, தொடர்ந்து ஓடினால் எஞ்சின் இறுகிவிடும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். காரை நிறுத்தினேன். பொனெட்டைத் திறந்து பார்க்கவேண்டிய நான், மேலே வீட்டுக்கு ஓடிப்போய் உப்பும் செத்தல் மிளகாயும் அள்ளிக்கொண்டு வந்தேன். காரைச் சுற்றி வந்து, ஒரு பழைய தகரத்தில் போட்டுக் கொளுத்தினேன். நாயோடு நடந்துவந்த பெண்மணி "போன்ஜூர்" என்று பாதி சொல்லி, நாயை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டார்.

நாவூறு பட்டிருந்தால் மிளகாய் நெடி அடிக்காது என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. நானோ கண்ணீர் வழிய இருமினேன். ஆக, நாவூறு இல்லை. அப்படியென்றால் எஞ்சின்தான் முடிந்துவிட்டது.

இருமல் கேட்டு மனைவி இறங்கி வந்தாள். "என்னப்பா, காருக்குத் தாளிக்கிறியளோ?"

"எஞ்சின் போச்சுது. நாளைக்கு உம்மட தம்பி பஸ்ஸிலதான் போகவேணும்."

"ஒயில் இருக்கோ?"

அதை நான் பார்க்கவேயில்லை. ஒயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தால் ஒயில் நிறைய இருந்தது. ஒருமுறை ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள். விளக்கு எரிந்தது, எஞ்சினோ வழக்கம்போல அமைதியாக ஓடியது.

"அது சத்தம் போடேல்லை. நீங்கள்தான் போடுறியள்," என்றாள். அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. "எங்கட இடத்தில ஆள் நல்லாக் கதைச்சுக்கொண்டிருக்கேக்க, பிரஷர் மெஷின் தாறுமாறாக் காட்டினா நாங்கள் அழுறேல்லை. வேறை மெஷினைக் கட்டிப் பார்ப்பம்."

காருக்கும் அப்படி ஒரு மெஷின் இருக்கத்தானே வேண்டும். மூடப்போகும் நேரத்தில் பக்கத்துத் தெரு உதிரிப்பாகக் கடைக்கு ஓடினேன். என் பிரெஞ்சும் என் கைகளும் சேர்ந்து விளக்கியதில், ஒயில் பிரஷர் அளக்கும் மீற்றர் ஒன்றை இரவல் தந்தார்கள். பிரஷரை உணர்ந்து அந்தச் சிவப்பு விளக்கை எரியவைக்கும் சென்சரும் புதிதாக ஒன்று வாங்கினேன்.

எஞ்சின் ஆறியதும், கலியாணத்துக்கென்று வெட்டிய தலைமயிரோடு காருக்கடியில் புகுந்தேன். ஒயில் ஃபில்டருக்குப் பக்கத்தில் இருந்தது சென்சர். அதன் வயரைப் பிடுங்கினால், காய்ந்திருக்கவேண்டிய முனை ஒயிலில் ஊறிக் கிடந்தது. பழுது சென்சரில்தானோ என்று எனக்குள் ஒரு சின்ன நம்பிக்கை. சென்சரைக் கொஞ்ச நேரம் இறுக்கும் பக்கமே திருகிவிட்டு, பிறகு சரியான பக்கம் திருகிக் கழற்றினேன். அந்த ஓட்டையில் மீற்றரைப் பூட்டி, "ஸ்டார்ட் பண்ணும்," என்று கத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"முள்ளு எங்க நிக்குது?" என்றாள் மேலே ஸ்டியரிங்கில் இருந்த மனைவி.

கண்ணைத் திறந்தேன். முள் துள்ளி ஏறி, நிற்கவேண்டிய இடத்தில் அசையாமல் நின்றது.

"ஏறீட்டுதடி," என்று எழும்பியதில் தலை காரில் இடித்தது. அன்றைக்கு அது நோகவேயில்லை. புதுச் சென்சரைப் பூட்டினேன். விளக்கு அணைந்தது. கறுத்த கையோடு காரைச் சுற்றி நான் ஆடிய ஆட்டத்தைக் கலியாண வீடியோவில் சேர்த்திருக்கலாம்.

மறுநாள் பூச்சரம் தொங்க, மாப்பிள்ளையை நல்ல நேரத்துக்கு முன்னமே மண்டபத்தில் இறக்கினேன். இப்போதும் வாழ்க்கையில் ஏதாவது சிவப்பாக எரிந்தால், அலறுவதற்கு முன் இன்னொருமுறை அளந்து பார்க்கிறேன். ஏனென்றால் அன்று பழுதாயிருந்தது அந்தச் சின்னச் சென்சர் மட்டும்தான், எஞ்சினுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.