எண்பத்து மூன்று ஓட்டுகளின் வரிசை

சப்ரீனுக்கு எதற்கும் பயம். பல்லிக்குப் பயம், ரயில்வே கேட்டுக்குப் பயம், புது நம்பரிலிருந்து போன் வந்தால் அதற்கும் பயம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையத்துக்குப் பன்னிரண்டு வருடமாக பஸ்ஸில் வேலைக்கு வருகிறாள். இன்றைக்கும் கண்டக்டர் பக்கத்தில் வந்தால் தப்புச் செய்தவள்போலப் பையைத் துழாவுவாள். ஆனால் பயந்தாங்கொள்ளிகளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எதையும் மூன்று தடவை சரிபார்ப்பார்கள். பேண்டேஜ் துணிக் கம்பெனியின் கம்ப்யூட்டர் வேலை மொத்தமும் அவள் தலையில் விழுந்தது அதனால்தான். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

இந்த வருடம் தொழிலாளர் பிரதிநிதி தேர்தலைப் பேப்பரில் வேண்டாம், கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளலாம் என்றார் மேனேஜர் சோலைச்சாமி. நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் மேனேஜரின் மச்சான் விஜயபாண்டி. இன்னொருத்தி இருபது வருடமாகத் துணி மடிக்கும் சுடலையம்மாள்.

"உள்ளுக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு எங்களுக்கும் தெரியணும்லா?" என்று கேட்டாள் சுடலையம்மாள்.

நியாயமான கேள்வி. சப்ரீன் தான் எழுதிய நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் போட்டுவிட்டாள். ஓப்பன் சோர்ஸ் என்பார்கள். கம்பெனியில் ஒருவரும் படிக்கவில்லை. அவரவருக்கு ஆயிரம் சோலி.

நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒவ்வொருவராக வந்து திரையில் விரல் வைத்தார்கள். மொத்தம் எண்பத்து மூன்று ஓட்டு. சுடலையம்மாளுக்கு ஐம்பத்திரண்டு, விஜயபாண்டிக்கு முப்பத்தொன்று.

மூன்றாம் நாள் காலையில் சென்னையிலிருந்து போன் வந்தது. சுடலையம்மாளின் மகள் மாரிச்செல்வி. அங்கே சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவள்.

"அக்கா, நீங்க எழுதுனதைப் பூராவும் படிச்சேன். எண்ணிக்கையில ஒரு குறையும் இல்ல. ஆனா ஓட்டெல்லாம் விழுந்த வரிசையிலயே பதிவாயிருக்கு. கையெழுத்து நோட்டும் அதே வரிசைதான? ரெண்டையும் பக்கத்துல வச்சா யாரு யாருக்குப் போட்டாவன்னு தெரிஞ்சிரும்லா?"

சப்ரீன் திரையில் அந்த வரியைத் தேடிப் பார்த்தாள், அப்படியேதான் இருந்தது. மூன்று தடவை சரிபார்த்தாளே, மூன்று தடவையும் எண்ணிக்கையை மட்டும்தான் பார்த்திருக்கிறாள். போனை வைப்பதற்குள் மேனேஜர் வந்து நின்றார்.

"ஏம்மா, அந்த ஓட்டு ஃபைலை ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடு. ரெக்கார்டுக்கு வேணும்."

கையெழுத்து நோட்டை அவர் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

"டீக்குப் பொறவு தாரேன் சார்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

கொடுத்தால் ஐம்பத்திரண்டு பேர் பிழைப்பில் மண். யாருக்கும் தெரியாமல் வரிசையைக் கலைத்தாலோ, ஓட்டில் கை வைத்தவள் என்று அவள் வேலையே போகும். எல்லோர் கண்முன்னாலும் கலைப்பது ஒன்றுதான் வழி. யா அல்லாஹ், அத்தனை பேர் முன்னால் எப்படிப் பேசுவது?

டீக்கு மெஷின்கள் நின்றதும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மடிப்புக் கூடத்துக்குப் போனாள். "தப்பு எம்மேலதான்" என்று ஆரம்பித்து, பாதி அழுகையும் பாதிப் பேச்சுமாக எல்லாவற்றையும் சொன்னாள். சுடலையம்மாளையும் விஜயபாண்டியையும் பக்கத்தில் நிறுத்தி வரிசையைக் கலைத்தாள். பழையதை அழித்தாள். மறுபடி எண்ணிக் காட்டினாள். அதே ஐம்பத்திரண்டு, அதே முப்பத்தொன்று.

"இனிமே யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. என்னாலயும் முடியாது."

மேனேஜர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் போடவில்லை. நோட்டைப் பிரித்து முதல் பக்கத்தைப் பார்த்தார், அவ்வளவுதான்.

முன்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். "சார், நான் விஜயபாண்டி அண்ணனுக்குத்தான் போட்டேன்."

"நானும்தான் சார்."

"எங்க மேசை அம்புட்டு பேரும் அவியளுக்குத்தான் போட்டோம்."

"கலைச்சாச்சுக்கா, பயப்படாதிய!" என்று கத்தினாள் சப்ரீன். யார் கேட்டது? கண்டுபிடிக்க முடியும் என்று அவள் சொன்னது மட்டும்தான் அவர்கள் காதில் ஏறியிருந்தது. ஐந்தே நிமிடம். ஜெயித்த சுடலையம்மாளுக்கு ஓட்டுப் போட்டவர் என்று அந்தக் கூடத்தில் ஒரு ஆள் இல்லை. கூட நின்று வேலை பார்த்த பெண்களைச் சுடலையம்மாள் ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஒருத்தியும் நிமிரவில்லை.

மேனேஜர் சப்ரீன் பக்கம் திரும்பினார்.

"நீயும் ஓட்டுப் போட்டல்லாம்மா. நீ யாருக்கு?"

சப்ரீன் போட்டது சுடலையம்மாளுக்கு. வரிசை கலைந்துவிட்டது, இனி யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது என்று அந்த இடத்தில் நிச்சயமாகத் தெரிந்தவளும் அவள் ஒருத்திதான்.

"விஜயபாண்டி அண்ணனுக்குத்தான் சார்" என்றாள்.