வியாழக்கிழமை நெஞ்சு

ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பியதிலிருந்து மாத்திரை, நடை, தூக்கம் எதையும் நான் நேரம் தப்பவிட்டதில்லை. ஆனாலும் வியாழக்கிழமை அந்திநேர மக்ரிப் தொழுகை முடிந்து சற்று நேரத்தில் நெஞ்சு இறுகும். மற்ற நாட்களில் ஒன்றும் இல்லை. வைத்த ஸ்டென்ட் அடைத்துக்கொண்டதோ என்று நடுங்கி, மனைவியோடு கள்ளக்குறிச்சியில் டாக்டரைப் பார்க்கப் போனேன்.

ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்துப் பார்த்தார். “அடைப்பு இல்லீங்க. எப்பெப்ப இறுக்குது?”

“வியாழக்கெழம, மக்ரிபுக்கு அப்புறம்.”

“நெஞ்சுக்குக் கெழம தெரியுமா இன்னா? அன்னிக்கு வூட்ல இன்னா நடக்குது?”

மனைவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். “இவங்க அக்கா வந்து சாம்பிராணி போடுவாங்க, டாக்டர்.”

அக்கா தியாகதுருகத்திலிருந்து வாரம் தவறாமல் பஸ்ஸில் வருவாள். பிழைத்து வந்த தம்பிக்குக் கண்பட்டுவிடுமாம். புகை வீணாகக் கூடாதென்று ஜன்னல்களைச் சாத்தி, என்னை நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றிச் சுற்றி வருவாள். நானும் முறையாக ஆழ்ந்து இழுத்துக்கொள்வேன்.

“துவா ஓதிப் போட்ட பொகைங்க. அதுவும் கல்வராயன் மலைச் சாம்பிராணி, கலப்படமே இல்ல” என்றாள் மனைவி.

“துவா எவ்ளோ ஜாஸ்தியானாலும் நல்லதும்மா. பொகைதான் வாணாம்.” டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “பஸ் பொகையோ சாம்பிராணியோ, அதுல கண்ணுக்கே தெரியாத பொடித்துகள் இருக்கும். நுரையீரல் வழியா ரத்தம் வரைக்கும் போகும். ரத்தக்குழாயோட உள்சுவர் வீங்கும், குழாய் இறுகும், ரத்தம் உறையவும் பாக்கும். நல்லா இருக்கிறவங்களுக்கே ஆகாது, இவருக்குக் கேக்கணுமா? இனிமே இறுக்கினா மட்டும் கெழம பாக்காம உடனே வந்துடுங்க.”

அடைப்பு இல்லை! வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்பு பொங்கியது. கரும்பு லாரி ஒன்று புகை கக்கிக்கொண்டு கடந்தது. மனைவி சட்டெனத் தன் துப்பட்டியின் முனையால் என் மூக்கைப் பொத்தினாள். முப்பது வருடக் குடித்தனத்தில் நடுத்தெருவில் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. துணிக்குள் எனக்கு மூச்சு முட்ட, இருவரும் சிரித்தோம்.

நல்ல செய்தியை அக்காவுக்கு போனில் சொல்லியிருந்தேன். புகை விஷயத்தைச் சொல்லும் முன் சந்தோஷத்தில் வைத்துவிட்டாள். ஆட்டோவை விட்டு இறங்கினால், அதற்குள் பஸ்ஸேறி வந்து எங்கள் வாசலில் புகையும் கரண்டியோடு நிற்கிறாள்.

“வாடா தம்பி, உள்ள வா!”

நான் எதிர்வீட்டுப் பக்கம் ஓடினேன். மனைவி கைகளை விரித்து மறித்தாள். “அண்ணி, நெருப்ப அணைங்க! பொகைதான் இவங்க நெஞ்சப் புடிக்கிது!”

அக்கா கரண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் கலங்கியது. தணலில் தண்ணீர் ஊற்றினாள். பிறகு டப்பாவிலிருந்து ஒரு சாம்பிராணிக் கட்டியை எடுத்து, கொளுத்தாமலே என் தலையை மூன்று சுற்று சுற்றி ஓதி, சட்டைப் பையில் போட்டாள்.

“பொகையில்லாத சாம்பிராணி! இதக் கண்ணு மதிக்குமாடா?”

“மதிக்கும்க்கா” என்றேன். கட்டி கொளுத்தாமலே மணந்தது. ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. அன்று வியாழக்கிழமை. மக்ரிப் முடிந்து வெகுநேரம் மூவரும் சிரித்துக்கொண்டே இருந்தோம், நெஞ்சு இறுகவில்லை.