தைத்துவிட்ட பாவாடை

புஷ்பத்துக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. வடபழனி ஸ்டூடியோக்களில் குரூப் டான்ஸ் ஆடுகிறவளுக்கு அது நல்லதுதானே என்பீர்கள். எழுபத்திரண்டாம் வருஷத்துக் கோடையில் அந்தக் கால் துடித்ததற்கு ஆட்டம் காரணமில்லை. மூத்திரத்தை அடக்கிக்கொண்டு நின்றாள்.

மேக்கப் முடிந்ததும் உடைக்காரி ஹாஜிரா பீ ஊசியோடு வந்து, ஜிகினாப் பாவாடையையும் ரவிக்கையையும் உள்ளே போட்ட இறுக்கமான கால்சட்டையோடு இடுப்பில் சேர்த்துத் தைத்துவிடுவாள். ஆடும்போது நழுவக் கூடாதாம். அன்றைய படப்பிடிப்பு முடிந்து பேக்கப் சொல்லும்வரை பிரிக்கக் கூடாது. குடிக்காவிட்டால் போகவேண்டாம் என்று எந்தப் பெண்ணும் சொட்டுத் தண்ணீர் தொடமாட்டாள். அதில் புஷ்பம் கெட்டிக்காரி என்று பேர். முன்வரிசை இடமும் அதனால்தான் கிடைத்தது. பாழாய்ப்போன பெருமை!

உடம்பு இதையெல்லாம் கேட்குமா? ஒருநாள் விலாவில் வலி பிடித்தது. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை, வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தாள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் எரிந்துகொண்டு போனது.

"சிறுநீரகத்துக்கு லீவு கிடையாதும்மா," என்றார் அசோக் நகர் டாக்டரம்மா. "நீ குடிக்காட்டியும் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கிட்டேதான் இருக்கும். விளக்குச் சூட்டுல தண்ணி வேர்வையாப் போயிடுது. மிச்சத்தை அது விடாமப் பிடிச்சு ரத்தத்துக்கே திருப்பிடும். வெளிய வர்ற கொஞ்சத்துல உப்பு அடர்த்தியா நிக்கும். வெந்நீர்ப் பாத்திரத்து அடியில படியுமே, அப்படித்தான் உள்ள கல் படிஞ்சிருக்கு. இப்படியே இருந்தா சிறுநீரகமே கெட்டுடும்."

பயந்துபோனாள். அடுத்த ஷூட்டிங்குக்கு ஒரு செம்பு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள். மத்தியானத்துக்குள் முட்டிக்கொண்டு வந்தது. போனால் முன்வரிசை போகும். போகாவிட்டால் மறுபடியும் அந்த வலி.

"அக்கா, தையலைப் பிரிச்சு வுடு."

"மாஸ்டரு கத்துவாரே!" என்ற ஹாஜிரா பீ, அவள் முகத்தைப் பார்த்ததும் கத்தரியை எடுத்தாள். "ஆத்திரத்தை அடக்குனாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க? திரும்பு."

"ஷாட் ரெடியா கீது, எங்க போய்க்கினு கீறே?" என்று கத்தினார் டான்ஸ் மாஸ்டர் கனகராஜ்.

"ஒண்ணுக்கு, மாஸ்டர்."

தளமே சிரித்தது. மானம் போன மாதிரிதான் இருந்தது அவளுக்கு. ஆனாலும் நிற்காமல் நடந்தாள்.

திரும்பி வந்தபோது அவள் இடத்தில் ரத்னா என்ற புதுப்பெண் நின்றிருந்தாள். "நீ பின்னால போ," என்றார் மாஸ்டர். கடைசி வரிசையில் போய் நின்றாள். எத்தனை வருஷத்து இடம்! பக்கத்துச் சுவரோரம் தண்ணீர்ப் பானை இருந்தது. எல்லோரும் பார்க்க ஒரு டம்ளர் மொண்டு குடித்தாள்.

முன்வரிசையில் ரத்னா ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது. புஷ்பம் இன்னொரு டம்ளர் மொண்டு அவளிடம் கொண்டுபோனாள்.

"வேணாங்கா," என்றாள் ரத்னா, மாஸ்டரைப் பார்த்துக்கொண்டே. "நான் தாங்குவேன்."