முகம் வெட்டிய படம்

என் மகளுக்கு நான்கு வயது நடந்தபோது அவளுடைய படங்கள் என் கைப்பேசியில் ஏராளமாக இருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் முகம் இல்லாதவை. கழுத்திலிருந்து இடுப்பு வரைதான் இருக்கும். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, இரண்டு கையையும் தூக்கியபடி ஒன்று.

எல்லாம் என் உத்தியோகம் செய்த வேலை. திருப்பூரில் குழந்தைகள் உடுப்பு ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் நான் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்டதைக் கேட்டபடி தைக்க வைத்து, சொன்ன தேதியில் கப்பலில் ஏற்றும்வரை நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதற்கு அப்படி ஒரு கௌரவமான பெயர். சாம்பிள் சட்டைகளை மாட்டிப் பார்க்க எங்களிடம் பொம்மைகள் உண்டு. ஆனால் அவற்றுக்குத் தலை கிடையாது. பனியன் தோளில் சரியாக உட்காருகிறதா என்று பொம்மை சொல்லிவிடும். தலை வழியாக இறங்குமா என்று அதனால் சொல்ல முடியாது. அதனால் யார் வீட்டில் அந்த வயதுப் பிள்ளை இருக்கிறதோ அவர்கள் சாம்பிளை எடுத்துப்போய், பிள்ளைக்குப் போட்டுப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு வருவது எங்கள் கம்பெனி வழக்கம். பிள்ளைகளின் முகம் மெயிலில் போகக்கூடாது என்பது வாடிக்கையாளரின் விதி. நல்ல விதிதான். மோவாய்க்குக் கீழே வெட்டி அனுப்புவோம்.

ஒருநாள் என் மகள் கைப்பேசியில் அந்தப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "என்ற மூஞ்சி எங்கம்மா?" என்று கேட்டாள். நான் மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவங்களுக்கு மூஞ்சி வேண்டாம் கண்ணு, சட்டை மட்டும் போதும்" என்றேன். அதற்குப் பிறகு படம் எடுக்கும்போதெல்லாம் அவள் தானாகவே தலையை அண்ணாந்துகொள்வாள். எனக்கும் வெட்டுகிற வேலை சுலபமானது. எவ்வளவு சமர்த்து என்று கணவரிடம் பெருமையாகச் சொன்னேன். இன்று அதை நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போடலாம் போலிருக்கிறது.

அந்த வருடம் எனக்குப் பெரிய வருடம். பிரசவத்துக்கு முன்னால் எங்கள் கம்பெனியின் மிகப் பெரிய வாடிக்கையாளர் என் பொறுப்பில் இருந்தார். விடுப்பு முடிந்து திரும்பியபோது அந்த மேசையில் எனக்குப் பின்னால் சேர்ந்த பையன் உட்கார்ந்திருந்தான். "குழந்தையை வெச்சுட்டு எதுக்குங்க சிரமம்" என்று மிகவும் மரியாதையாக எனக்குச் சில்லறை ஆர்டர்களைக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள். நானும் மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டு உழைத்தேன். கடைசியில் அதே வாடிக்கையாளரின் குழந்தைகள் பனியன் ஆர்டர் ஒன்று என் கைக்கு வந்தது. இதை ஒழுங்காக முடித்தால் பழைய மேசை எனக்குத்தான் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

அந்த நாட்களில் எனக்கு வலது தோளிலிருந்து விரல்வரை ஒரு வலி இருந்தது. மாடி ஏறினால் மூச்சு வாங்கும். கேட்டவர்களிடம் ஒன்றுமில்லை என்பேன். காலையில் மகளுக்கு ஊட்டிவிட்ட மிச்ச இட்லிதான் என் சாப்பாடு. சுவரை வைத்துத்தான் சித்திரம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால், 'சித்திரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்ச் சுவரைப் பார்' என்று ஒருவரும் சொன்னதில்லை.

பனியனுக்குக் கழுத்துப் பட்டி, வரிவரியாகப் பின்னிய ரிப் துணியில் வரும். ரப்பர் போன்ற லைக்ரா நூல் கலந்த ரிப் என்றால் இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். கடைசி நேரத்தில் வாடிக்கையாளர் நிறத்தை மாற்றினார். அந்த நிறத்தில் லைக்ரா இல்லாத ரிப்தான் கையில் இருந்தது; லைக்ரா ரிப் வரக் காத்திருந்தால் தேதி தவறிவிடும். இருந்ததை வைத்தே சாம்பிள் தைக்கச் சொன்னேன். கழுத்தை இழுத்து அளக்க டேப் என் பையிலேயே இருந்தது. எப்படியும் பிள்ளைக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோமே என்று அளக்காமல் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தலைக்கு ஊற்றி, துவட்டியும் துவட்டாமலும் அவளை நிறுத்தி, அந்த மஞ்சள் பனியனைத் தலையில் மாட்டினேன். நெற்றியில் நின்றுவிட்டது. இழுத்தேன். "அம்மா, காது வலிக்குதும்மா" என்று துணிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. ஈரத்தலை, அதனால் பிடிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, "ஒரே நிமிசம் கண்ணு" என்று இன்னும் பலமாக இழுத்தேன். இறங்கிவிட்டது. அவள் அழுதாள். அழுதுகொண்டே கையைத் தூக்கினாள். ஆனால் அன்றைக்கு அண்ணாந்துகொள்ளவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நான் மூன்று படம் எடுத்து, முகத்தை வெட்டி, 'கழுத்து சரியாக உள்ளது' என்று எழுதி அனுப்பினேன்.

படத்தில் கழுத்து சரியாகத்தான் இருந்தது. உள்ளே போன பிறகு எந்தக் கழுத்தும் சரியாகத்தான் இருக்கும்.

அந்தப் படத்தை நம்பி முழு ஆர்டரையும் தைத்து, மடித்து, பெட்டியில் போட்டார்கள். கடைசிப் பரிசோதனைக்கு வந்த வாடிக்கையாளரின் ஆள் டேப்பை எடுத்துக் கழுத்தை இழுத்தார். ஒரு பெட்டி, இரண்டு பெட்டி, ஐந்து பெட்டி. எதிலும் கழுத்து அளவுக்கு விரியவில்லை. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் போனார்.

மறுநாள் காலை முதலாளி அறையில் கூடினோம். சுவரிலிருந்த பெரிய திரையில் என் மெயில், அதில் என் மகளின் கழுத்தும் மார்பும். முதலாளி நிதானமானவர், குரலை உயர்த்தவே மாட்டார். "ஏன் அம்மிணி, கொழந்தைக்குப் போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"பாத்தனுங்க."

"தலைல போச்சுங்களா?"

"போச்சுங்க" என்றேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரே ஒரு உண்மைச் சொல் போதும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சாம்பிள் சரி என்றால் தைத்ததில்தான் தப்பு. கழுத்துப் பட்டி வைத்த ஓவர்லாக் மெஷின் டெய்லரைக் கூப்பிட்டார்கள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பல வருடமாக எங்களிடம் தைக்கிற அக்கா. பஞ்சுத் துகள் ஒட்டிய முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கதவோரம் நின்றார். ரிப்பைச் சின்னதாக வெட்டி இழுத்துத் தைத்தாயா என்று புரொடக்‌ஷன் மேனேஜர் கேட்டார்.

"எப்பவும் போலத்தான் சார் தச்சேன். ரிப்பு விரியவே மாட்டேங்கு. மொத நாளே லைன் சூப்பர்வைசர்ட்ட சொன்னேன், யாரும் கேக்கல" என்றார் அந்த அக்கா.

செய்வதையும் செய்துவிட்டு வாய் வேறா என்று அதட்டிய மேனேஜர், வார முடிவில் கணக்கை முடித்துக்கொள்ளச் சொன்னார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. பார்க்க அவருக்குக் காரணமும் இல்லை. அந்த அறையில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

உடனே எழுந்து உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழவில்லை. வெளியே வந்து, என் இடத்தில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன். பழைய மேசை கண்ணுக்கு எதிரே இருந்தது. மூன்று வருடம். மகள் முதன்முதலாக நடந்ததை நான் வீடியோவில்தான் பார்த்தேன்; அதற்கெல்லாம் ஈடாக இந்த மேசையாவது வேண்டாமா என்று வயிறு எரிந்தது. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானாக வளரும் என்கிறார்கள். சொன்னவர் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்த்திருக்க மாட்டார்.

சாப்பிட்டு முடித்துக் கைப்பேசியை எடுத்தேன். வெட்டிய படத்துக்குப் பக்கத்திலேயே வெட்டாத படம் இருந்தது. எடுத்த நாளுக்குப் பிறகு அதை நான் பார்க்கவே இல்லை. இரண்டு காதும் செக்கச் சிவந்து, ஈர முடி கன்னத்தில் ஒட்டி, கீழுதடு பிதுங்கி நிற்கிறாள். ஒரு பிள்ளை சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டு, இனி என்ன சொல்வது என்று தெரியாமல் நிற்கிற முகம். எந்த இடத்தை நான் வெட்டி எறிந்தேனோ அங்கேதான் விடை இருந்தது. அதற்கு மேல் உட்கார முடியவில்லை.

முதலாளியின் மேசைமேல் கைப்பேசியை வைத்தேன். "போச்சுன்னு சொன்னது நெசந்தானுங்க. ஆனா நான் இழுத்துப் போட்டனுங்க. அந்தக்கா மேல ஒரு தப்பும் இல்லீங்க" என்றேன். வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பாப்பா சொல்லியிருக்குது அம்மிணி. நீங்கதான் கேக்கல."

திட்டியிருந்தால் தேவலை.

அக்காவுக்கு வேலை போகவில்லை. எல்லாப் பனியனின் கழுத்தையும் பிரித்து, லைக்ரா ரிப் வரவழைத்து, மறுபடி வைத்தார்கள். கப்பல் தப்பிவிட்டதால் சரக்கு தாமதமாக, கம்பெனி செலவில் விமானத்தில் போனது. அந்த வாடிக்கையாளர் பழையபடி அந்தப் பையனிடம் போனார். என்னைச் சாம்பிள் செக்‌ஷனில் அளவு மேசைக்கு மாற்றினார்கள். மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த பத்தாம் வருடத்தில் கையில் டேப்போடு நின்றேன். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். வெட்கமும் கோபமும் சரிபாதி. கழுத்தை நெரிக்கிற மாதிரி தேதி கொடுத்தவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்ற கோபம் இன்றும் தீரவில்லை. அது என் தப்பைக் குறைக்காது என்பதும் தெரியும்.

கணவர் ஒரு நிட்டிங் கம்பெனியில் மெஷின் ஃபிட்டர். "பேசாம வேலைய உட்ரு. ஆறு மாசம் ஊட்ல இரு" என்றார். பரிவாகத்தான் சொன்னார். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "போன வருசம் உங்க கைல ஊசி அத்தனையும் ஒடஞ்சு துணி பூரா ஓட்டையாப் போச்சே, ஊட்ல இருங்கன்னு நான் சொன்னனா?" என்று கேட்டேன். மறுநாளிலிருந்து காலையில் மகளுக்குத் தலைசீவுவது அவர் வேலையானது. ஒரு பின்னல் கிழக்கே போகும், ஒன்று மேற்கே. நான் கை வைக்கவில்லை.

அளவு மேசையில் ஐந்தரைக்கு வேலை முடிந்துவிடும். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போவது முதலில் என்னவோ திருட்டுத்தனம் போலிருந்தது. சிலை செதுக்குகிறவர்கள் நிறைந்த பூண்டிப் பக்கம் எங்கள் வீடு. கல் கொத்தும் சத்தம் நிற்கிற நேரத்தில் மகளை அழைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். மருத்துவரிடமும் போனேன். வலி எவ்வளவு நாளாக என்று கேட்டார், சொல்லத் தெரியவில்லை. இரத்தம் குறைவு என்று மாத்திரை எழுதி, தோளுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். மகள் சொன்னதைக் கேட்காதவள், தன் தோள் சொன்னதை மட்டும் கேட்டிருக்கவா போகிறேன்.

ஆனால் மகள் அந்த ஞாயிறை மறக்கவில்லை. தலை வழியாகப் போடுகிற எதையும் கண்டால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். முன்பக்கம் பட்டன் வைத்தவற்றைத்தான் போட்டாள். கடையில் வாங்கிய பனியன், சித்தி கொடுத்த கவுன் எல்லாம் மூட்டையாகக் கிடந்தன. இந்த ஊரில் பனியன் போடாத பிள்ளை என் பிள்ளை ஒன்றுதான் என்று வெளியே சிரித்துப் பேசுவேன். உள்ளுக்குள், இவள் இனி என் கையை நம்பவே மாட்டாளோ என்ற பயம் இருந்தது. மேசை போனது ஒரு வலி. அந்தப் பயம் அதைவிடப் பெரிது.

பள்ளியில் புதன்கிழமைதோறும் கலர் பனியன் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் உணவு இடைவேளையில் அந்த ஓவர்லாக் அக்காவிடம் இதைச் சொன்னேன். அன்று அவரை நிற்கவைத்துவிட்டு எலுமிச்சை சாதம் சாப்பிட்ட கதையையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடினார். பிறகு, "அந்தப் பள்ளிக்கூடப் பனியனைக் கொண்டாங்க" என்றார். இடது தோளைப் பிரித்து, பட்டி வைத்து, இரண்டு டிச் பட்டன் அடித்துக் கொடுத்தார். மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை.

புதன் காலை பனியனைக் கட்டில்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். மகள் டிச் பட்டனைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். கழுத்துக்குள் தன் கை முட்டியை விட்டுப் பார்த்தாள். எங்கள் பரிசோதனை ஆள்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

"இழுப்பியா?" என்று கேட்டாள்.

"மாட்டேன். வலிச்சா சொல்லு, உட்டர்லாம்."

"சொன்னனே அன்னைக்கு."

"சொன்ன கண்ணு. அம்மா கேக்கல. தப்பு அம்மாவுதுதான்."

அவள் பனியனை எடுத்தாள். தானே தலையை விட்டு, கையை நுழைத்து, பட்டனைப் போட மட்டும் தோளைக் காட்டினாள். மாட்டிவிட்டேன். சந்தோஷத்தில் கை பழக்கமாகக் கைப்பேசியை எடுத்தது. அதைக் கண்டதும் அவள் நேராக நின்று, இரண்டு கையையும் தூக்கி, மோவாயை மேலே உயர்த்தி முகட்டைப் பார்த்தாள்.

கீழே உட்கார்ந்து, என்னைப் பார்க்கச் சொன்னேன்.

"மூஞ்சி வேணுமாம்மா?"

"மூஞ்சிதான் கண்ணு வேணும்."

அவள் சற்று யோசித்தாள். "அப்பச் சட்டை?"

சட்டை வராவிட்டால் பரவாயில்லை என்றேன். அந்தப் படத்தில் சட்டை பாதிதான் இருக்கிறது.